பால்வண்டிக் கணக்கு

பாரத்தில் நான்கு கட்டங்கள்:
பண்ணை, நேரம், லிட்டர், வெப்பம்.
ஓரத்தில் விரலகலம் வெள்ளை மிச்சம்.
அதில்தான் எழுதுவேன்:
வை 3. வை 5. மூடுபனி, வை இல்லை.

அலுவலகத்தில் நெஸ்டா கேட்டாள்,
"வை என்றால் என்ன, இத்வால்? வைக்கோலா?"
வைரி என்றேன்.
பால் கணக்கில் பறவை எதற்கு என்று
கேட்காமல் முத்திரை குத்தினாள். நல்ல பெண்.

பதினெட்டு டன் எஃகுத் தொட்டியை
வேலிகளுக்கு நடுவே நகர்த்துகிறவனுக்கு
எதையும் தவறவிட முடியாது.
முதல் தந்திக்கம்பத்தில் ஒன்று இருக்கும்
நனைந்த கோணிமூட்டை மாதிரி,
தலையைத் தோளுக்குள் இறக்கி.
பிழிந்தால் ஒரு வாளி தண்ணீர் வரும்.
வண்டி நெருங்கியதும்
மனசில்லாமல் விழும். விழுந்த பாதியில்
சிறகு ஞாபகம் வந்து
புல்லுக்கு ஒரு முழம் மேலே
பள்ளத்தாக்கை எடுத்துக்கொண்டு போகும்.

கோடையில் லண்டன்காரர்கள்
சாலையை அடைத்துக் காரை நிறுத்துவார்கள்.
கழுகா, கழுகா என்றார் ஒருவர்.
ஆமாம் என்றேன்.
எனக்காக நான்கு பண்ணைகள் காத்திருந்தன.
அவர் முகம் விரிந்ததைப் பார்த்தபின்
திருத்தவும் மனம் வரவில்லை.

கழுகாவது!
உழுத வயலில் கோழிபோல் நடந்து
மண்புழு பொறுக்கும்.
இரண்டு காக்கை சேர்ந்தால்
எல்லை தாண்டும்வரை விரட்டும்.
எங்கள் வெல்ஷில் அதன் பெயர் புன்காத்.
பெயருக்குள்ளேயே ஒரு பூனை படுத்திருக்கிறது.
உயரே வட்டமிடும்போது
இரவு வெளியே விட்டுப் பூட்டப்பட்ட பூனையாய்
வானத்தைப் பிறாண்டிக் கத்தும்.

மற்றவையும் உண்டு.
பிளந்த வாலைச் சுக்கான்போல் திருப்பும் செம்பருந்து.
நெடுஞ்சாலைச் சரிவின்மேல்
ஓரிடத்தில் காற்றை மிதித்து நிற்கும் வல்லூறு,
உடம்பெல்லாம் படபடக்க
தலை மட்டும் ஆணியடித்ததுபோல.
ஒரே ஒருமுறை, பிப்ரவரியில்,
சதுப்பின் மேல் தாழ்ந்து வந்தது
சாம்பல் நிற ஆண் பூனைப்பருந்து.
அன்று எழுத்து ஓரம் தாண்டி
லிட்டர் கட்டத்துக்குள் போய்விட்டது.
அதற்கு மட்டும் திட்டு வாங்கினேன்.

மார்ச்சில், ப்ளைன்-நண்ட் பண்ணையில்
மாடுகளுக்குக் காசநோய் என்றார்கள்.
எண்பத்தொன்றில் முதலில் முப்பத்தாறு.
அடுத்த பரிசோதனையில் மீதியும்.
என் தடத்தில் அந்த வரியை
அளவுகோல் வைத்து அடித்துத் தந்தாள் நெஸ்டா.
"இருபது நிமிடம் மிச்சம், இத்வால்."

மறுநாள் திருப்பத்தில்
கை தானாக இடப்பக்கம் ஒடித்தது.
அவ்வளவு பெரிய வண்டியைப்
பின்னோக்கி எடுக்கவும் இடமில்லை.

பாலறைக் கதவு திறந்து கிடந்தது.
ஒருநாளும் காயாத தரை
காய்ந்திருந்தது.
மோர்விட் வெளிக்கதவில் சாய்ந்து நின்றாள்,
கோட்டுப் பைகளில் கை.
எதற்கு வந்தாய் என்று கேட்டிருந்தால்
சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.
அவள் மோவாயால் மட்டும் காட்டினாள்.
கொட்டகை முகட்டில் வைரி.

"விடியலிலிருந்து இருக்கிறது.
சாணம் காய்ந்தால் புழுவும் போய்விடும்.
அதற்கு இன்னும் யாரும் சொல்லவில்லை."

எஞ்சினை அணைத்தேன்.
பார்த்துக்கொண்டிருந்தோம்.
அது எங்களை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.
கழுத்தைத் திருப்பிச் சிறகிடுக்கைக் கோதியது,
யோசித்தது,
வாலைத் தூக்கி
தகரக் கூரையில் வெள்ளையாக ஒரு நீளக் கோடு பீச்சியது.
மோர்விட் சிரித்துவிட்டாள்.
அந்த மாதத்தில் முதல் தடவையாக இருக்கலாம்.
நான் கேட்கவில்லை.

பாரத்தில் அந்தப் பண்ணைக்கு இப்போது வரி இல்லை.
ஓரத்தில் எழுதினேன்: வை 1.
நெஸ்டா முத்திரை குத்தினாள்.
இருபது நிமிடம் எங்கே என்று மட்டும் கேட்டாள்.